டெஹாச்சாபி மலைப்பாதையும் லா மெசா மாதிரி ரயில் சங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகரத்துப் பால்போவா பூங்காவில் மாதிரி ரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குள் லா மெசா மாதிரி ரயில் சங்கத்தினர், அதே மாநிலத்தில் உள்ள டெஹாச்சாபி என்ற மலை ரயில் பாதையின் மாதிரியைக் கட்டி ஓட்டிவருகிறார்கள். வீட்டில் நானும் சிறிய அளவில் தண்டவாளம் போடுகிறவன். அதனால் நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது பெரியவர்கள் விளையாடும் பொம்மை ரயில்தானே?

முதலில் வருவது எப்போதும் இந்தக் கேள்விதான். பொம்மை ரயிலுக்கு ஊர் கிடையாது. எங்கிருந்தும் புறப்படாது, எங்கும் போய்ச் சேராது. சுற்றிச் சுற்றி வரும். இங்கே பேக்கர்ஸ்ஃபீல்டில் கிளம்பும் சரக்கு ரயிலுக்கு, மலையேறி இறங்கி மொஹாவி பாலைவனத்தைச் சேரவேண்டிய வேலை இருக்கிறது. எந்த வளைவுக்கு அப்பால் சுரங்கம், எந்த நிலையத்தில் லூப் லைன் (ஒரு ரயில் ஒதுங்கி மற்றதற்கு வழிவிடும் பக்கப்பாதை) என்பதையெல்லாம் சங்கத்தினர் தங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பொறியாளர்கள் 1870-களிலேயே அதை முடிவு செய்துவிட்டார்கள்.

ரயிலைவிட ரயில் வேலையைத்தான் இந்தச் சங்கம் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்களைப் படித்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

அருங்காட்சியகம் எப்படிப்பட்ட இடம்?

காசா தே பால்போவா என்ற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. 1915-இல் நடந்த பனாமா–கலிஃபோர்னியா பொருட்காட்சிக்காக அங்கே எழுப்பிய கட்டடம் 1978-இல் எரிந்துபோனது. பழைய தோற்றத்திலேயே அதைத் திரும்பக் கட்டினார்கள். அருங்காட்சியகம் 1982-இல் திறக்கப்பட்டது. மொத்தப் பரப்பு சுமார் 27,000 சதுர அடி; அதில் பல சங்கங்கள் தனித்தனியே மாதிரிப் பாதைகளை அமைத்திருக்கின்றன. டெஹாச்சாபி அவற்றில் ஒன்று.

உலகத்தில் எத்தனையோ ரயில் பாதைகள் இருக்க, ஏன் டெஹாச்சாபி?

அந்த மலையில் ரயில் தன்னைத் தானே கடந்து மேலே போகிறது. அதுதான் காரணம்.

பேக்கர்ஸ்ஃபீல்ட் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 அடி உயரத்தில் இருக்கிறது. டெஹாச்சாபி கணவாயின் உச்சி 4,000 அடிக்கு அருகில். நேராக ஏறினால் சக்கரம் வழுக்கும். நீலகிரியில் இதே சிக்கலுக்குப் பல்சக்கரத்தை வைத்துத் தீர்வு கண்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் ரயில் 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தையும் பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறது. ஆனால் நீண்ட சரக்கு ரயில்களுக்கு அது சரிப்படாது. அதனால் சதர்ன் பசிபிக்கின் பொறியாளர் வில்லியம் ஹூட் 50 அடிக்கு 1 அடியை ஒட்டிய மெல்லிய ஏற்றத்திலேயே நிற்க முடிவு செய்தார். ஏற்றத்தைக் குறைத்தால் பாதையை நீட்ட வேண்டும். பள்ளத்தாக்கிலோ நீட்ட இடமில்லை. நடுவில் நின்ற ஒரு குன்றைச் சுற்றிப் பாதையை வளையமாகக் கொண்டுபோய், கீழே ஒரு சுரங்கத்தின் வழியாகப் போன தண்டவாளத்தின் மேலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். வளையத்தின் நீளம் 3,779 அடி. ஒரு சுற்று முடியும்போது ரயில் 77 அடி உயர்ந்திருக்கும். ரயில் 4,000 அடிக்கு மேல் நீளமாக இருந்தால், என்ஜின் மேலே போகும்போது அதே ரயிலின் கடைசிப் பெட்டிகள் அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

இலங்கையின் மலையகத்தில் பதுளை ரயிலில் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தெமோதரை நிலையத்தில் நின்று கிளம்பும் ரயில், குன்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அந்த நிலையத்துக்கு நேர் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் போகிறது. டெஹாச்சாபியைத் தமிழ் வாசகருக்கு விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

அசல் பாதையைக் கட்டியவர்கள் யார்?

ஹூட்டின் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. மலையைக் குடைந்தவர்களின் பெயர்கள் இல்லை. சுமார் 3,000 சீனத் தொழிலாளர்கள் மண்வெட்டி, கடப்பாரை, கைவண்டி, வெடிமருந்து ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பாதையைப் போட்டார்கள். மொத்தம் 18 சுரங்கங்கள். 1876-இல் ரயில் ஓடத் தொடங்கியது. ஆறே ஆண்டுகளில், 1882-இல், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடைசெய்து அந்த நாடு சட்டம் போட்டது.

மாதிரிப் பாதையில் விரல் நீளச் சுரங்கவாயைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு என்ஜினைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

மாதிரி எவ்வளவு பெரியது? அசலைப் போலவே எல்லாம் இருக்குமா?

இங்கே பயன்படும் அளவு எச்.ஓ.; அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். நாற்பது அடிச் சரக்குப் பெட்டி ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து மொஹாவி வரை சுமார் 68 மைல். அதை 87-ஆல் வகுத்தாலும் ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். எந்தக் கட்டடத்திலும் அதற்கு இடம் கிடைக்காது. ஆகவே இத்தகைய பாதையைக் கட்டுகிறவர்கள் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முதலில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. சமவெளியில் நேராக ஓடும் மைல்களைச் சுருக்கிக்கொள்ளலாம். பார்ப்பவர் கண்ணுக்கு நஷ்டமில்லை. வளையம் அப்படிப்பட்டதல்ல. அசலில் அதன் குறுக்களவு 1,200 அடி. 87-இல் ஒரு பங்காக்கினால் ஏறக்குறைய 14 அடி. நம் வீட்டுக் கூடம் முழுவதையும் அந்த ஒரு வளைவே பிடித்துக்கொள்ளும். ரயில் தன் தலையால் தன் வாலைத் தாண்ட வேண்டுமென்றால் 85 பெட்டிகளுக்கு மேல் கோக்க வேண்டும்.

தனி ஆள் இதைச் செய்ய முடியாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சங்கம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

தண்டவாளம் கடையில் விற்பதுதானே? அதைக் கையால் போடுவதில் என்ன இருக்கிறது?

விற்கிறார்கள். பிளாஸ்டிக் கட்டைகளோடு சேர்ந்தே வரும். ஆனால் அசல் பாதையின் வளைவுகள் கடையில் விற்கும் அளவுகளுக்குள் அடங்குவதில்லை. ஒரு பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட் அமைக்கும் இடங்களில் இது இன்னும் அதிகம். அதனால் பழைய கைகள் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அதன் மேல் தண்டவாளத்தை ஆணி அடித்துப் போடுகின்றன.

நான் வீட்டில் ஒரு முழ நீளம் இப்படிப் போட்டேன். முதலில் தீக்குச்சி கனத்துக்குக் கட்டைகளை வெட்டி, சாயம் ஏற்றி, இடைவெளி பார்த்துப் பசையில் பதிக்க வேண்டும். காய்ந்த பிறகு மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு கட்டை மயிரிழை உயர்ந்து நின்றாலும் பெட்டி அங்கே குதிக்கும். பிறகு ஜல்லி. அதன் பிறகுதான் தண்டவாளம். ஊசிமூக்குக் குறடால் ஆணியைப் பிடித்து, நான்கைந்து கட்டைகளுக்கு ஒன்று என்று உள்ளே அழுத்த வேண்டும். ஆணியின் தலை கொஞ்சம் தூக்கி நின்றால் சக்கரத்தின் விளிம்பு அதில் தட்டும். இரண்டாவது தண்டவாளத்தை வைக்கும்போது, இடைவெளி பார்க்கும் உலோகத் தகட்டை ஒவ்வோர் அங்குலத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். என் முழ நீளத்துக்கு நான்கு மாலைகள் ஆயின. கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டியை விரலால் தள்ளினேன். சத்தமில்லாமல், ஓர் அசைவுகூட இல்லாமல் அது மறுமுனைக்குப் போய் நின்றது. அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை.

மலை, மண், மரம் எல்லாம் எதனால் செய்தவை?

அடியில் மரச்சட்டம். அதன் மேல் வலையோ அட்டைப் பட்டைகளோ பரப்பி, பிளாஸ்டரில் தோய்த்த துணியைப் போர்த்துவது பொதுவான வழக்கம். பாறைகளுக்கு ரப்பர் அச்சு உண்டு. அசல் பாறையின் மேல் திரவ ரப்பரைப் பூசி உரித்தெடுத்த அச்சாக இருந்தால் வெடிப்புகள்கூட அப்படியே வரும்.

மண் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. அசல் இடத்து மண்ணையே கொண்டுவந்து சலித்துப் போட்டால் நிறம் அச்சு அசலாக அமையும். ஆனால் போடுவதற்கு முன் அதற்குள் காந்தத்தை விட்டு அலசியே ஆக வேண்டும். மண்ணில் இரும்புத் துகள் இருக்கும். அதை அப்படியே விட்டால், ஓடும் என்ஜினின் மோட்டார் காந்தம் அதை இழுத்துக்கொண்டு உள்ளே சிக்கவைத்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெஹாச்சாபிக் குன்றுகள் குளிர்காலத்து மழையில் பச்சையாக இருக்கும். கோடையில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் பொன்னிறப் புல்லுக்கு நடுவே ஓக் மரங்கள் மட்டும் கரும்பச்சையாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள் ‘ஏன் எல்லாம் காய்ந்து கிடக்கிறது?’ என்று கேட்கிறார்கள். அந்த ஊர்க் கோடை அப்படித்தான் இருக்கும்.

ஒரே தண்டவாளத்தில் நிற்கும் இரண்டு என்ஜின்களில் ஒன்று மட்டும் எப்படி நகர்கிறது?

முன்பு பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஸ்விட்ச் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலான பாதைகளில் எல்லா இடத்திலும் மின்சாரம் எப்போதும் இருக்கிறது. அதனோடு எண்களாக ஆணைகளும் ஓடுகின்றன. ஒவ்வோர் என்ஜினுக்குள்ளும் நகக்கண் அளவு மின்னணுப் பலகை ஒன்று உண்டு. தன் எண்ணுக்கு வந்த ஆணையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும்.

சங்கத்தினர் கூடி ஓட்டும்போது என்னதான் செய்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

அமெரிக்காவில் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்களை மோதாமல் நடத்த, வானொலிக்கும் கணினிக்கும் முன்பு ஒரு முறை இருந்தது. எல்லோர் கையிலும் கால அட்டவணை இருக்கும். எந்த ரயில் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அதில் வகுத்திருக்கும். தாழ்ந்த ரயில், உயர்ந்த ரயில் வருவதற்கு முன்பே லூப் லைனில் ஒதுங்கிவிட வேண்டும். அட்டவணையில் இல்லாத ரயில் வந்தாலோ, ஏதாவது தாமதமானாலோ, தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி தந்தியிலோ தொலைபேசியிலோ நிலையங்களுக்கு ஆணை சொல்வார். உதாரணத்துக்கு (அட்டவணையில் இல்லாத ரயிலுக்கு ‘எக்ஸ்ட்ரா’ என்று பெயர், எண் அதன் என்ஜினுடையது; பீல்வில் வழியில் உள்ள ஒரு நிலையம்): ‘எக்ஸ்ட்ரா 4200, எக்ஸ்ட்ரா 4251-ஐ பீல்வில்லில் சந்திக்கும்.’ ஆணையைப் பெறும் நிலைய ஊழியர்கள் எல்லோரும் அதை எழுதிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் அதிகாரி நேரத்தைச் சொல்லி ஆணையை உறுதிசெய்வார்.

எழுதும் தாள் வெங்காயத் தோல் போல மெல்லியது. இடையே கார்பன் தாள் வைத்து ஒரே அழுத்தில் பல பிரதிகள் எடுப்பார்கள். 19-ஆம் எண் படிவமாக இருந்தால் ரயில் நிற்க வேண்டியதில்லை. நிலைய ஊழியர் பிரம்பு வளையத்தில் தாளைச் செருகி உயர்த்திப் பிடிப்பார், ஓடும் என்ஜினிலிருந்து கையை நீட்டி வளையத்தோடு வாங்கிக்கொள்வார்கள். 31-ஆம் எண் படிவத்துக்கு ரயில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் ஒற்றைப் பாதை நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் வளையத்தை நீட்ட, ஓட்டுநர் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி கண்முன் வரும். நம் முறையில் டோக்கன் கையில் இருந்தால் மட்டுமே அடுத்த நிலையம் வரை போகலாம். அவர்கள் முறையில் பாதுகாப்பு முழுவதும் அந்தத் தாளில் எழுதிய வாசகத்தையும், அதைப் படிப்பவரின் கவனத்தையும் நம்பியிருந்தது.

அந்த முறையை வைத்து லா மெசா சங்கத்தினர் ரயில்களை நடத்துகிறார்கள். ஒருவர் கட்டுப்பாட்டு அதிகாரி. சிலர் நிலைய ஊழியர்கள். மற்றவர்கள் ஓட்டுநர், கார்டு. அசல் ரயில்வேயில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். விதிப்புத்தகம் அலமாரியில் இருக்கலாம். ஆனால் விதி எப்படி வேலை செய்தது என்பது யாராவது அதைச் செய்துபார்த்தால்தான் தெரியும். பத்து நிமிடம் தாமதமான ஒரு ரயில், மலை முழுக்க எத்தனை ரயில்களைக் காக்கவைக்கிறது என்பது புத்தகத்தில் படித்தால் உறைக்காது. லூப் லைனில் என்ஜினை நிறுத்திவிட்டு, எதிரே வரவேண்டிய ரயிலுக்காக முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு உறைக்கும்.

கடிகாரம் வேகமாக ஓடும் என்கிறார்களே?

பல சங்கங்களில் அப்படி உண்டு. நிலையங்களுக்கு இடையே தூரம் சுருங்கிவிட்டதால், அட்டவணை பொருந்தவேண்டுமானால் நேரமும் சுருங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு மணி நேரம் ஓடுமாறு தனிக் கடிகாரம் வைப்பது சாதாரணமாகக் காணக்கூடியது.

ஓட்டுநர் அறை முன்னால் இருக்கும் நீராவி என்ஜினைப் பார்த்தேன். திருப்பி மாட்டிவிட்டார்களா?

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. சதர்ன் பசிபிக்கின் தனிச்சிறப்பு அது. நீண்ட சுரங்கங்களிலும் பனிமறைப்புக் கூரைகளிலும் புகை, பின்னால் அமர்ந்திருக்கும் ஓட்டுநரை மூச்சுத் திணறவைத்தது. அதனால் ஓட்டுநர் அறையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். நிலக்கரி எரித்திருந்தால் இது முடிந்திருக்காது. எரிபொருள் வண்டி ஒரு முனையிலும் அடுப்பு மறுமுனையிலும் இருந்தால் யார் அள்ளிப் போடுவது? இவை எண்ணெயில் ஓடியவை, குழாய் வழியே எண்ணெய் முன்னால் வந்தது. கடைசியாகச் செய்த என்ஜின், 4294 என்ற எண் கொண்டது, சாக்ரமென்டோ நகரத்து ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாதிரிப் பாதை 1950-களின் தோற்றத்தைக் காட்டுவதால் நீராவியும் டீசலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

1952 நிலநடுக்கம் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

1952 ஜூலை 21 அதிகாலையில் அந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பீல்வில் அருகே இருந்த சுரங்கங்கள் சேதமடைந்தன. அப்போது எடுத்த ஒரு புகைப்படத்தில், தண்டவாளம் பாம்பு போல நெளிந்து சுரங்கச் சுவருக்கு அடியில் புகுந்திருக்கிறது. கான்கிரீட் சுவர் ஒரு கணம் மேலே தூக்கப்பட்டு, தண்டவாளம் உள்ளே நழுவியதும் திரும்ப அதன் மேல் இறங்கியிருக்கிறது. இரவு பகலாக வேலை செய்து நான்கு வாரத்துக்குள் ரயில் போக்குவரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் சுரங்கத்தைச் சீர்செய்யாமல் மலையையே வெட்டித் திறந்துவிட்டார்கள்.

அசல் டெஹாச்சாபி வழியாக நாம் பயணம் செய்யலாமா?

வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது. 1941 முதல் ஓடிய சான் வாக்கின் டேலைட் என்ற பயணிகள் ரயில் 1971-இல் நின்றுபோனது. இப்போது வடக்கிலிருந்து வரும் ஆம்ட்ராக் (அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனம்) ரயில் பேக்கர்ஸ்ஃபீல்டோடு நின்றுவிடும். லாஸ் ஏஞ்சலஸ் போக அங்கிருந்து பஸ். கடற்கரைப் பாதை மூடப்படும் நாட்களில் மட்டும் அபூர்வமாக ஒரு பயணிகள் ரயில் இந்தப் பக்கம் திருப்பிவிடப்படும்.

சரக்கு ரயில்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. பாதை யூனியன் பசிபிக்குக்குச் சொந்தம், பி.என்.எஸ்.எஃப். கம்பெனியும் ஓட்டுகிறது. வுட்ஃபோர்ட்–டெஹாச்சாபி சாலையில் வளையத்தைப் பார்க்க வசதியான இடம் உண்டு. தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள்.

குழந்தைகளோடு அருங்காட்சியகத்துக்குப் போகலாமா? வேறு என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாம். டெஹாச்சாபியோடு, சான் டியாகோவிலிருந்து பாலைவனம் வழியே கிழக்கே போன சான் டியாகோ–அரிசோனா பாதையின் மாதிரியையும் பாருங்கள். 1907-இல் தொடங்கி 1919-இல்தான் முடிந்த பாதை அது; அதன் ஆட்டுப் பள்ளத்தாக்கு மரப்பாலம் 180 அடிக்கு மேல் உயரம். இன்னும் சிறிய ‘என்’ (N) அளவிலும் பெரிய ‘ஓ’ (O) அளவிலும் பாதைகள் உண்டு. மூன்று தண்டவாளத்தில் ஓடும் பழைய பாணி ரயில்கள் சிறுபிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஓர் இடத்தில் நில்லுங்கள். டெஹாச்சாபி மாதிரியில் காலியென்டே என்ற ஊர் அதற்கு ஏற்ற இடம். அங்கே பாதை குதிரை லாடம் போல வளைந்து, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கமாகத் திரும்பி ஏறும். உங்களைக் கடந்து போன ரயிலே எதிர்ச் சரிவில் வேறு ரயில் போல எதிர்த்திசையில் போகும். முதலில் பெட்டிகளின் எண்களைக் குறித்துக்கொண்டால், எதிர்ச் சரிவில் அதே எண்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம்.

இந்தியாவில் இப்படிப் பார்க்க ஏதாவது உண்டா?

புனேயின் கோத்ரூட் பகுதியில் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-இல் திறந்தது.

வீட்டில் தொடங்க என்ன வேண்டும்?

ஓர் அலமாரிப் பலகை அளவு இடம் போதும். வட்டப்பாதை போட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பிரதான பாதை, ஒரு லூப் லைன், சரக்கு ஏற்றும் மேடைக்கு ஒரு கிளை. ஒரு என்ஜினும் ஐந்து பெட்டிகளும் இருந்தால், எந்தப் பெட்டியை முதலில் கழற்றுவது, எதை எங்கே விடுவது என்று ஷண்டிங் வேலையே ஒரு மணி நேரம் ஓடும். அந்த நிலையத்துக்கு நேரில் போய், நடைமேடையின் நீளத்தைக் காலடியால் அளந்து, எந்தப் பாயிண்ட் எங்கே பிரிகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு வாருங்கள். புகைப்படம் எடுப்பதானால் நிலைய ஊழியரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிடுங்கள். எதற்கு என்று சொன்னால், அங்கே முன்பு எத்தனை பாதைகள் இருந்தன என்பதையும் அவர் சொல்லக்கூடும்.